காலி கேன்

மாதவரம் லாரி நிலையத்துக்குப் பின்னால்
எடைமேடை அறையில்
மின்விசிறி மட்டும் புதுசு.
கம்ப்யூட்டருக்கு மேல் யாரோ ஒட்டிய வேளாங்கண்ணி மாதா.
அவள் காலடியில், பென்சிலில்,
எல்லாருக்கும் தெரிந்த பாஸ்வேர்டு.

எனக்குக் கொடுத்தது ஒரு லைப்ரரி.
சி-யில் எழுதி சீல் வைத்தது,
திறந்து பார்க்க முடியாது.
கூடவே நாற்பத்தொரு வரியில் ஒரு ஹெடர் ஃபைல்,
கல்யாணப் பத்திரிகை மாதிரி:
யார் யார் வருகிறார்கள் என்று இருக்கும்,
சமையல் என்னவென்று இருக்காது.

நான் எழுதுவது பைத்தான்.
கொஞ்சம் சொகுசு.
சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடலாம்,
இலையை யாரோ எடுத்துவிடுவார்கள்.
சி அப்படியில்லை.
அது தன் தட்டைத் தானே கழுவும்,
நீயும் கழுவுவாய் என்று
சொல்லாமலே எதிர்பார்க்கும்.

முதல் லாரி, நெல்லூர் அரிசி.
டிரைவர் பெஞ்சலய்யா இறங்காமலே காத்திருந்தார்.
நான் கூப்பிட்டேன்.
லைப்ரரி பதில் சொன்னது.
திரையில் எடை:
மைனஸ் பதினாறு கோடியே சொச்சம் கிலோ.

"ஏமண்டி, லாரி எகிரிபோயிந்தா?"

"லாரி பறந்து போச்சான்னு கேக்குறாரு,"
என்றாள் ஜெரினா
ரசீதுப் புத்தகத்தை மூடாமல்.

தப்பு என்னுடையது.
வருவது தசம எண் என்று நான் சொல்லி வைக்கவில்லை.
சொல்லாவிட்டால் பைத்தான்
வருவதெல்லாம் முழு எண் என்றே நம்பும்.
தசமம் வேறு வாசலில் வந்து நின்றிருக்கிறது.
நான் இந்த வாசலில் கிடந்த
யாருடைய செருப்பையோ தூக்கி
எடை என்று காட்டியிருக்கிறேன்.

ஒரு வரி சேர்த்தேன்.
இருபத்தெட்டாயிரத்து நானூற்று அறுபது.
பெஞ்சலய்யா தலையாட்டி என்னவோ சொன்னார்.
அதை ஜெரினா மொழிபெயர்க்கவில்லை.

அடுத்த இரவு பெட்டி உறைந்தது.
அதற்கடுத்த இரவும்.
கேட்கும் போதெல்லாம் லைப்ரரி
ரசீது எழுத ஒரு கிலோபைட் இடம் பிடிக்கிறது.
நான் நொடிக்குப் பத்து முறை கேட்கிறேன்,
மேடையில் லாரி நின்றாலும், நாய் படுத்திருந்தாலும்.
பிடித்த இடத்தை யாரும் விடவில்லை.

சரி, நானே விடுகிறேன் என்று
ஊருக்கெல்லாம் பொதுவான ஃப்ரீ-யைக் கூப்பிட்டேன்.
செக்மென்டேஷன் ஃபால்ட்.
அவ்வளவுதான் எழுதும் அது.
எங்கே, எதனால், ஒன்றும் கிடையாது.
வெளியே பத்து லாரி ஹாரன் அடித்தது.
ஜெரினா கையாலேயே ரசீது எழுத ஆரம்பித்தாள்,
என்னை விட வேகமாக.

மறுநாள் பதினோரு மணிக்கு
தண்ணி கேன் போடும் தேசிங்கு வந்தான்.
ஜெரினா காலி கேனைக் காலால் உருட்டினாள்.
அவன் கழுத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"இது எங்க கேன் இல்லக்கா.
நீல மூடி அவங்களது."

"கேன் கேன்தானேடா?"

"தண்ணி தண்ணிதான். கணக்கு வேறல்ல."

ஜெரினா மேஜைக்கடியில் குனிந்து
வெள்ளை மூடியைத் தேடி எடுத்தாள்.
நான் ஹெடர் ஃபைலில்
முப்பத்தெட்டாம் வரிக்கு இறங்கினேன்.
மூன்று நாளாகத் தாண்டிப் போன பெயர்:
ரிலீஸ்.
எங்களிடம் வாங்கியதை எங்களிடமே.
பக்கத்தில் ஒரு குறிப்புகூட இல்லை.

ரசீதின் எழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு
அதன் முகவரியைத் தொலைத்துவிடாமல்
கையில் வைத்திருந்து,
படித்து முடித்ததும்
அதே முகவரியை அதனிடமே கொடுத்தேன்.

இரவெல்லாம் பார்த்தேன்.
நினைவகக் கோடு
காற்றில்லாத ரெட்டேரி மாதிரி கிடந்தது.
விடியற்காலை நாலரைக்கு
வெங்காய லாரி ஒன்று ஏறி இறங்கியது.
கோடு ஒரு துளி உயர்ந்து
திரும்பவும் படுத்துக்கொண்டது.

நீல மூடி கேன் மட்டும் மூலையில் நிற்கிறது.
அதைக் கொடுத்த கம்பெனி
போன மழையோடு மூடிவிட்டதாம்.
யாரிடம் திருப்புவது?
ஜெரினா அதன் கழுத்தை அறுத்துவிட்டு
துடைப்பம் வைத்திருக்கிறாள்.